ஆறுக்கு எத்தனை?

திசுப் பொருத்த அறிக்கை வந்ததும் நோயாளியின் குடும்பம் முதலில் கேட்பது, "ஆறுக்கு எத்தனை டாக்டர்?" என்றுதான். ஜாதகத்தில் பத்துக்கு எத்தனை என்று பார்த்துப் பழகிய வீடுகளில் இந்தக் கேள்வி எழுவதில் வியப்பில்லை. அதே எண்ணை வைத்து நாமும் முடிவெடுப்பதுதான் சிக்கல். 'இரண்டுதான் பொருந்துகிறது, வேறு யாராவது இருக்கிறார்களா பாருங்கள்' என்று மனைவியையோ மைத்துனரையோ திருப்பி அனுப்பும் வழக்கம் நம் புறநோயாளர் பிரிவுகளில் இன்னும் ஒழியவில்லை. அந்த வேறு ஒருவரைத் தேடும் மாதங்களில் நோயாளி டயாலிசிஸிலேயே கிடக்கிறார். ஹீமோகுளோபின் இறங்குகிறது, எரித்ரோபொய்ட்டின் ஊசிக்குப் பணம் இல்லை, ரத்தம் ஏற்றுகிறார்கள். நல்ல பொருத்தம் கிடைக்கும் நாளில் அவர் உடலில் புதிய எதிர்ப்பொருள்கள் உருவாகியிருக்கின்றன.

நம் கருத்து இதுதான். உயிருள்ள கொடையாளர் ஒருவரின் சிறுநீரகத்தை ஏற்பதா மறுப்பதா என்ற முடிவில் எச்எல்ஏ ஏ, பி, டிஆர் வகைகளில் ஆறுக்கு எத்தனை என்ற எண்ணிக்கைக்கு நாம் தகுதிக்கு மீறிய இடம் தந்துகொண்டிருக்கிறோம். இந்தக் கொடையாளருக்கு எதிரான எதிர்ப்பொருள் இந்தப் பெறுநரிடம் இருக்கிறதா, இல்லாவிட்டால் நாளை உருவாகுமா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. ரத்தப்புற்றுநோய்க்கும் தலசீமியாவுக்கும் செய்யும் மஜ்ஜை மாற்று வேறு கணக்கு. அதை இங்கே தொடவில்லை.

இது புதிய செய்தியும் அல்ல. 1969இல் பட்டேலும் பால் தெரசாகியும் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் 225 சிறுநீரக மாற்றுகளின் முடிவுகளை வெளியிட்டார்கள். கிராஸ்மேட்ச் நெகட்டிவாக இருந்த 195 பேரில் 8 பேருக்குத்தான் மாற்றுச் சிறுநீரகம் உடனடியாகச் செயலிழந்தது. பாசிட்டிவாக இருந்த 30 பேரில் 24 பேருக்கு அப்படி நடந்தது. அந்த ஒரு அட்டவணைக்குப் பிறகு கிராஸ்மேட்ச் பார்க்காமல் சிறுநீரகம் பொருத்த எவருக்கும் துணிவு வரவில்லை. அந்தச் சோதனைக்கு அடிப்படையான நுண்ணளவு லிம்போசைட் நச்சுச் சோதனையையும் 1964இல் தெரசாகிதான் வகுத்தார். ஒரு மைக்ரோலிட்டர் சீரம் போதும் என்ற நிலையை அது உண்டாக்கியதால்தான் ஆய்வகங்கள் ஒன்றுக்கொன்று சீரத்தை அனுப்பி ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

அதே தெரசாகி 1970இல் ஹேக் நகரில் நடந்த மாநாட்டில், இறந்தவர்களிடமிருந்து பெற்ற சிறுநீரகங்களில் எச்எல்ஏ பொருத்தத்துக்கும் விளைவுக்கும் தெளிவான தொடர்பு தன் தரவுகளில் தென்படவில்லை என்றார். பொருத்தம் பார்ப்பதற்கென்றே ஆய்வகங்களும் பகிர்வு அமைப்புகளும் எழும்பிக்கொண்டிருந்த நேரம் அது. லைடனில் யான் வான் ரூட் யூரோட்ரான்ஸ்பிளான்ட்டைத் தொடங்கி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. தெரசாகிக்குக் கிடைத்துவந்த அமெரிக்க அரசின் நிதி நிறுத்தப்பட்டது. பின்னால் பார்த்தால் இரு தரப்பிடமும் பாதி உண்மை இருந்தது. அன்று கையில் இருந்தவை ஏ, பி வகைகள் மட்டுமே, அவையும் அரைகுறை. டிஆர் அறியப்பட்ட பிறகு 1978இல் ஆக்ஸ்போர்டின் டிங்கும் மாரிஸும் அதன் பொருத்தம் பலன் தருவதைக் காட்டினார்கள். ஹைடல்பெர்க்கில் ஓபெல்ஸ் திரட்டிய பன்னாட்டுத் தரவுகளில், பொருந்தாமை ஒவ்வொன்றாகக் கூடக்கூட நீண்டகால வாழ்வு படிப்படியாகக் குறைவது தெரிகிறது. எனவே பொருத்தம் பொய் என்று யாரும் சொல்லவில்லை. அதன் பலன் எவ்வளவு, அதற்காக எதை இழக்கலாம் என்பதே கேள்வி.

அந்த அளவை 1995இல் தெரசாகி குழுவே கொடுத்தது. கணவன் மனைவிக்கு இடையிலான கொடைகளில் மூன்றாண்டு முடிவில் 85 சதவீதச் சிறுநீரகங்கள் இயங்கிக்கொண்டிருந்தன. பெற்றோர் தந்தவற்றில் 82. இறந்தவர்களிடமிருந்து பெற்றவற்றில் 70. தம்பதியருக்குள் பொருத்தம் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இருப்பதைவிட மிகவும் குறைவு. ஆனாலும் காயப்படாத, நேரத்தோடு எடுத்த, குளிரில் அதிக நேரம் கிடக்காத சிறுநீரகம் அந்தக் குறையை ஈடுகட்டிவிட்டது. அமெரிக்கா 2003இல் இறந்தோர் கொடைப் பங்கீட்டிலிருந்து பி பொருத்தத்துக்கான முன்னுரிமையை நீக்கியதும் இந்தப் பாதையில் வந்த முடிவுதான். வெள்ளையரின் எச்எல்ஏ வகைகளே அதிகம் உள்ள கொடையாளர் கூட்டத்தில் பொருத்தத்துக்குப் புள்ளி கொடுத்தால், கறுப்பின நோயாளி எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் பட்டியலில் மேலே வருவது கடினம்.

அப்படியிருக்க, ஆறு என்ற எண் நம்மிடம் ஏன் இவ்வளவு உறுதியாக ஒட்டிக்கொண்டது? ஒரு காரணம் மருத்துவம் சாராதது. 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், கொடுப்பவரும் பெறுபவரும் ரத்த உறவுதானா என்று காட்ட ஏ, பி, டிஆர் பரிசோதனையைக் கேட்டன. உறவை நிரூபிக்கும் தாளும் நோயெதிர்ப்பு ஆபத்தை மதிப்பிடும் தாளும் ஒன்றாகிப் போயின. அங்கீகாரக் குழுவுக்குப் போதுமான தகவல் அறுவைக்கும் போதும் என்று நாமும் இருந்துவிட்டோம்.

நம் ஊர்களுக்கே உரிய இன்னொரு சிக்கலைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பாடநூல்கள் இதைக் கடந்துபோய்விடுகின்றன. இந்தியாவில் உறவுமுறைத் திருமணம் மிகுந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அக்கா மகளை மணந்தவருக்கும் அவர் மனைவிக்கும் ஒரு ஹேப்லோடைப் பொதுவாக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. மாமன் மகள், அத்தை மகள் என்றால் நான்கில் ஒன்று. 'மனைவிதானே, பொருந்தாது' என்று டைப்பிங்குக்கு முன்பே ஒதுக்குவது இங்கே கணக்குப்படியே தவறு. தாய்மாமனை மணந்தவருக்குப் பிறக்கும் பிள்ளை, இரண்டு பக்கமும் ஒரே ஹேப்லோடைப்பைப் பெற எட்டில் ஒரு வாய்ப்பு. அப்படிப் பிறந்த மகன் வளர்ந்து தாய்க்குச் சிறுநீரகம் தருகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனிடம் இருக்கும் ஒரே ஹேப்லோடைப் தாயிடமும் இருக்கிறது. தாயின் உடல் அந்நியமாகப் பார்க்க ஏ, பி, டிஆரில் எதுவுமே இல்லை, பொருந்தாமை சுழியம். அதே தாய் மகனுக்குக் கொடுத்தால் பொருந்தாமை மூன்று. இரு நிலையிலும் பல ஆய்வகங்கள் '3/6' என்றே எழுதித் தரும்.

ஆகவே ஆய்வக நண்பர்களிடம் கேட்பது இது: பொருத்தத்தை எண்ணாதீர்கள், பெறுநரின் பக்கமிருந்து பொருந்தாமையை எண்ணுங்கள், எந்த வகை பொருந்தவில்லை என்று பெயரோடு எழுதுங்கள். இதே மகன் அம்மாவுக்கு ரத்தம் கொடுக்க முன்வந்தால் மட்டும் கதை தலைகீழ். அவன் லிம்போசைட்டுகளைத் தாயின் உடல் அடையாளம் காணாது, அவையோ தாயின் மற்ற ஹேப்லோடைப்பைத் தாக்கும். ரத்தமேற்றலால் வரும் ஒட்டு எதிர் ஓம்புநர் நோயில் பிழைப்பவர்கள் அரிது. நெருங்கிய உறவினரின் ரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தாமல் ஏற்றக்கூடாது என்பதை உறவுத் திருமணம் மிகுந்த நம் மாவட்டங்களில் இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

ஏ, பி, டிஆர் என்று நிறுத்திக்கொள்வதும் இனி சரியில்லை. மாற்றுக்குப் பிறகு புதிதாக உருவாகும் எதிர்ப்பொருள்களில் டிக்யூவுக்கு எதிரானவையே அதிகம் என்பது மையத்துக்கு மையம் மெய்ப்பட்டிருக்கிறது. டிக்யூ மூலக்கூறின் ஆல்ஃபா, பீட்டா இரு சங்கிலிகளும் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் பீட்டாவை மட்டும் டைப் செய்வது அரைவேலை. மாத்திரையை ஒழுங்காக விழுங்காத, டாக்ரோலிமஸ் அளவு ஏறி இறங்கும் இளைஞருக்கு டிஆர், டிக்யூ பொருந்தாமையும் அதிகம் இருந்தால் ஆபத்து பெருகுகிறது. அவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரியாட்டினின் மட்டும் பார்த்து அனுப்புவது போதாது.

பொருத்தத்துக்காகக் காத்திருப்பது நியாயமாகும் இடமும் ஒன்று உண்டு: குழந்தைகள். பத்து வயதில் மாற்று பெறும் சிறுமிக்கு வாழ்நாளில் இன்னொன்றோ இரண்டோ தேவைப்படும். முதல் சிறுநீரகம் தோற்கும்போது, அதில் பொருந்தாதிருந்த வகைகளுக்கெல்லாம் எதிர்ப்பொருளோடுதான் அவள் அடுத்த வரிசையில் நிற்பாள். நம் மக்களிடம் பரவலாக உள்ள வகையொன்றில் இன்று பொருந்தாமையை ஏற்றால், இருபது ஆண்டு கழித்து அவளுக்குக் கொடையாளரே கிடைக்காமல் போகலாம்.

சிங்கிள் ஆன்டிஜென் பீட் சோதனை வந்ததும் எல்லாம் தெளிவாகிவிட்டது என்ற நினைப்பும் வேண்டாம். எம்எஃப்ஐ என்பது எதிர்ப்பொருளின் அளவு அல்ல. ஒரு பீட் மணியிலிருந்து வரும் ஒளிர்வின் அளவு. எதிர்ப்பொருள் மிகுந்த சீரத்தில் காம்ப்ளிமென்ட் குறுக்கிட்டு எண்ணைத் தாழ்த்திக் காட்டும். நீர்த்துப் பார்த்தால்தான் உண்மை வெளிவரும். மணியில் ஒட்டும்போது உருக்குலைந்த புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் பெரிய எண்ணைக் காட்டும். நோயாளிக்கு அதனால் தீங்கு இருக்காது. இன்னொன்றும் உண்டு. மணிகளில் இடம்பெறும் அலீல்கள் பெரும்பாலும் மேற்கத்திய மக்களின் பரவலை ஒட்டித் தேர்ந்தவை. நம்மிடம் மிகுதியாக உள்ள ஏ*02:11, பி*40:06 போன்றவை கையில் இருக்கும் தொகுப்பில் உள்ளனவா என்று பார்க்காமல் 'எதிர்ப்பொருள் இல்லை' என்று கையெழுத்திடுவது எப்படி? மெய்நிகர் கிராஸ்மேட்சை நம்பி உண்மையான கிராஸ்மேட்சைக் கைவிடும் காலம் இங்கே இன்னும் வரவில்லை. ரிட்டுக்சிமாப் பெற்றவரின் பி செல் கிராஸ்மேட்ச் பாசிட்டிவ் வந்தால் முதலில் மருந்துச் சீட்டைப் பார்க்க வேண்டும் என்பதை ஆய்வகத்துக்கு யாரும் சொல்வதும் இல்லை.

இந்த இதழுக்கு வரும் மாற்றுச் சிகிச்சைக் கட்டுரைகளில் இனி மூன்று விவரங்களை எதிர்பார்க்கிறோம்: பொருந்தாமை எண்ணிக்கை டிக்யூவோடு சேர்த்து; எந்தச் சீரம், எந்த நாள், எந்த முறை; எம்எஃப்ஐ எல்லையை மையம் எதை வைத்து நிர்ணயித்தது. கடைசியாக ரத்தம் ஏற்றிய இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் எடுத்த சீரம் சோதிக்கப்படாத நோயாளியை 'உணர்திறன் அற்றவர்' என்ற வரிசையில் சேர்க்க மாட்டோம். ஒரு காலத்தில் மாற்றுக்கு முன் வேண்டுமென்றே ரத்தம் ஏற்றினோம் என்பது இளையவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். 1973இல் ஓபெல்ஸும் தெரசாகியும் ரத்தமேற்றியவர்களுக்குச் சிறுநீரகம் நீடிப்பதைக் காட்டினார்கள்; சைக்ளோஸ்போரின் வந்தபின் அந்த நன்மை மங்கியது, தீமை மட்டும் நின்றது.

மீதமிருப்பது பெண்கள். நம் நாட்டில் உயிருள்ள கொடையாளர்களில் பெரும்பாலோர் பெண்கள், பெறுவோரில் பெரும்பாலோர் ஆண்கள். அரிதாக மனைவிக்குச் சிறுநீரகம் தேவைப்பட்டு, கணவர் தர முன்வரும்போது நோயெதிர்ப்பியலும் அவளுக்கு எதிராக நிற்கிறது. பிள்ளைகள் வழியாகக் கணவரின் ஆன்டிஜென்களை அவள் உடல் ஏற்கெனவே சந்தித்துவிட்டது. பிள்ளை பெற்ற தாய்மாரின் சீரத்தில்தான் 1958இல் வான் ரூடும் ரோஸ் பெய்னும் இந்த எதிர்ப்பொருள்களைக் கண்டார்கள். முன்பு சொன்ன 1995ஆம் ஆண்டு ஆய்வில், கருவுறாத மனைவிக்குக் கணவர் தந்த சிறுநீரகங்களில் 87 சதவீதம் மூன்றாண்டு நிலைத்தன, கருவுற்றவர்களில் 76. புள்ளியியல்படி அந்த வேறுபாடு உறுதிப்படவில்லை என்றாலும் உயிரியல் சந்தேகத்துக்கு இடமில்லாதது. கிராஸ்மேட்ச் பாசிட்டிவ் என்றால் 2011 சட்டத் திருத்தம் அனுமதித்த ஸ்வாப் வழியை அந்தக் குடும்பத்துக்கு முதல் நாளிலேயே சொல்ல வேண்டும். அதற்கும் முன், பெறுநர் பெண்ணாக இருந்தால் படிவத்தில் முதல் கேள்வி எத்தனை முறை கருவுற்றார் என்பதாக இருக்கட்டும். கலைந்த கருவும் கலைத்த கருவும் இதில் சேரும். கணவரும் மாமியாரும் அறைக்கு வெளியே இருக்கும்போது கேளுங்கள். அவர்கள் முன்னால் வரும் பதிலை ஆய்வகத்துக்கு அனுப்பாதீர்கள்.