வில்லும் நாணும் கணினியும்

நம் முன்னாள் மாணவர் ஒருவர் அண்மையில் வீடு தேடி வந்தார். தமிழ் இளங்கலை முடித்தவர். வேலை கிடைத்ததோ ஒசூர்ப் பட்டறை ஒன்றில். 100 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் ஆறு துளைகள் இட வேண்டும். முதல் துளை 30 பாகையில். அதன் உயரம் 50 மில்லிமீட்டர் என்று பள்ளிக் கணக்கே சொல்லிவிடும். அவர் ஆக்டேவ் என்னும் இலவச மென்பொருளில் முப்பதின் சைனைக் கேட்டிருக்கிறார். −0.988 என்று வந்தது. கணினி பொய் சொல்லுமா என்று அப்படியே இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டார். தகடு வீணாயிற்று, கூலியில் பிடித்தமும் ஆயிற்று. "ஐயா, கணினி ஏன் தப்பாச் சொல்லுச்சு?" என்று கேட்டார்.

கணினி தவறாகச் சொல்லவில்லை. ஆக்டேவின் சைன், கோணத்தை ரேடியனில் எதிர்பார்க்கிறது. பாகைக்கு அதில் வேறோர் ஆணை உண்டு. அவர் பழகிய சிஎன்சி இயந்திரத்தின் மேக்ரோ மொழியோ பாகையைக் கொள்வது. பெயர் ஒன்று, அளவு இரண்டு. இந்த வேறுபாட்டை அவருக்கு எவரும் அவர் மொழியில் சொன்னதில்லை. தமிழாசிரியர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு என்பதே நம் கருத்து.

சைன் என்ற சொல்லின் கதை நம் துறைக்கு அயலானதன்று. வடமொழியில் 'ஜ்யா' என்றால் வில்லின் நாண். அது அரபியில் ஒலிபெயர்க்கப்பட்டு, பின்னர் 'மடிப்பு' என்னும் பொருளுடைய வேறு சொல்லாகப் படிக்கப்பட்டு, இலத்தீனில் 'சைனஸ்' ஆயிற்று. நம் பள்ளி நூல்கள் இன்றும் வட்டத்தின் பகுதியை வில் என்றும், அதன் முனைகளை இணைக்கும் கோட்டை நாண் என்றும்தான் சொல்கின்றன. அரைநாணே சைன். இதை வகுப்பில் எத்தனை பேர் சொல்கிறோம்?

ரேடியனும் அயல் தொல்லையன்று. கி.பி. 499ஐ ஒட்டி எழுதிய ஆரியபடர் வட்டத்தின் சுற்றளவை 21,600 கலைகளாகப் பகுத்தார். ஆரத்தையும் அதே கலைகளால் அளந்து 3438 என்று கொண்டார். வில்லுக்கும் ஆரத்துக்கும் ஒரே அளவுகோல் என்பதே ரேடியனின் உட்பொருள். அதனால்தான் அவருடைய பட்டியலில் 225 கலைக் கோணத்துக்கு அரைநாணும் 225. சிறு கோணத்தில் வில்லும் நாணும் ஏறத்தாழ ஒன்றே.

இன்றைய மென்பொருள்கள் பரவலாகப் பின்பற்றும் முறையும் இதன் மேல்தான் நிற்கிறது. முதலில் கால்வட்டங்களைக் கழித்துக் கோணத்தைச் சிறிதாக்குகின்றன. பிறகு அதன் ஒற்றைப்படை அடுக்குகளைக் கூட்டிக் கழிக்கின்றன. கேரளத்து மாதவரின் தொடருக்கு இது நெருங்கிய உறவு: கோணத்திலிருந்து அதன் கனத்தில் ஆறில் ஒரு பங்கைக் கழித்து, ஐந்தாம் அடுக்கில் 120இல் ஒரு பங்கைக் கூட்டுக. 30 பாகையை 0.5236 ரேடியன் எனக் கொண்டு இவ்வளவு செய்தாலே 0.500003 வந்துவிடும். பாகையை அப்படியே இட்டால் எல்லாம் கெடும்.

1825இல் ஜான் வாரன் வெளியிட்ட 'கால சங்கலித'த்தில் புதுச்சேரித் தமிழர் ஒருவர் வருகிறார். தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டே அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்தவர். தொடக்கத்தில் நான்கு நிமிடமே பிழை; முடிவிலோ 52 நிமிடம். முறையின் காரணங்கள் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நம் மாணவரும் அவருக்கு உறவுதான். ஆனால் சோழிக்காரர் ஒவ்வொரு படியையும் தம் கையால் நகர்த்தினார். நம் மாணவருக்கு அதுவும் இல்லை.

மாறாக, 16ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் 'யுக்திபாஷா'வை மலையாளத்தில் எழுதினார். மாதவர் தொடரின் காரணங்களை மக்கள் மொழியில் வரிசையாக விளக்கினார். நமக்கு வேண்டியது அத்தகைய உரைநடை. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழில் படித்து, பட்டறையில் ஆங்கிலத் திரையை எதிர்கொள்ளும் பிள்ளைகள் இந்த எல்லைப்புறத்தில் மிகுதி. அவர்களுக்குக் கலைச்சொற் பட்டியலை மட்டும் கொடுத்தால் போதாது. காரணத்தையும் கொடுக்க வேண்டும். அதைத் தெளிவாகச் சொல்லும் தமிழ் நம் பொறுப்பு.

அன்று மாலை ஒரு தாளில் வில்லும் நாணும் வரைந்து காட்டினோம். "இவ்வளவுதானா ஐயா?" என்றார். அவர் இழந்த கூலியை நம்மால் மீட்டுத்தர இயலவில்லை.