எள்ளி நகைப்பது யாரை?

நகை பிறப்பதற்கு நான்கு நிலைக்களன்களை வகுத்தார் தொல்காப்பியர். அவற்றுள் ஒன்று எள்ளல். எள்ளுகின்றவன் யார், எள்ளப்படுகின்றவன் யார் என்னும் வினாவை அவர் எழுப்பவில்லை. வர்க்கங்களாகப் பிளவுண்ட சமுதாயத்திலே வாழும் நாம் அவ்வினாவைத் தவிர்க்க இயலாது. அதிலும், சிறுவர் நூல்களைப் பற்றிப் பேசுமிடத்து அது தலையாய வினாவாகின்றது. யாரைக் கண்டு சிரிக்கலாம், யாரைக் கண்டு சிரிக்கலாகாது என்பதைப் பிள்ளை பாடப்புத்தகத்திலே கற்பதில்லை. தான் விரும்பிப் படிக்கும் கதைகளிலேயே கற்கிறது.

பிரித்தானிய நகைச்சுவை நடிகர் டேவிட் வோலியம்ஸ் சிறுவர் எழுத்தாளரான வரலாற்றை இந்த நோக்கிலே ஆராய்வது பயனுடையது. அவருடைய அந்தரங்க வாழ்வு நமக்கு வேண்டுவதன்று; அவர் ஆக்கிய பாத்திரங்களே நமது பொருள்.

1971இல் பிறந்த வோலியம்ஸ் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் நாடகம் பயின்றவர். மற் லூக்காஸ் என்பாருடன் சேர்ந்து அவர் எழுதி நடித்த 'லிற்றில் பிரிட்டன்' 2000ஆம் ஆண்டில் பி.பி.சி. வானொலியிலும், 2003 முதல் தொலைக்காட்சியிலும் இடம்பெற்று நாடறிந்த நிகழ்ச்சியாயிற்று. அதன் புகழ்பெற்ற பாத்திரங்களுள் ஒன்று விக்கி பொலார்ட். பிரிஸ்டலைச் சேர்ந்த ஏழைத் தொழிலாளர் குடும்பத்துப் பெண், பேச்சுத் தெளிவற்றவள், பெற்ற குழந்தையை ஓர் இசைத்தட்டுக்குப் பண்டமாற்றுச் செய்தவள். இவ்வேடத்தைப் புனைந்தவர் லூக்காஸ். பாத்திரத்தை எழுதியவர்களோ இருவரும். நாளடைவில் அப்பெயர், உதவிப்பணம் பெற்று வாழும் இளந்தாய்மார் அனைவரையும் இழித்துரைக்கும் வசைச்சொல்லாகப் பத்திரிகைகளிலே உலாவியது. தொழிலாளி வர்க்கத்தை அரக்கராக்கிக் காட்டும் இப்போக்கை ஓவன் ஜோன்ஸ் 2011இல் வெளியிட்ட தமது நூலில் விரிவாகக் கண்டித்தார். வோலியம்சோ கறுப்புச் சாயம் பூசி, உடலைப் பருமனாக்கிக் கொண்டு, கறுப்பினப் பெண்ணாகவும் வேடமிட்டார். 2020இல் இன ஒடுக்குமுறைக்கு எதிரான பேரெழுச்சி உலகெங்கும் மூண்ட பின்னரே பி.பி.சி. அந்நிகழ்ச்சியைத் தனது இணையத் தொகுப்பிலிருந்து அகற்றியது. நடிகர் இருவரும் வருத்தம் தெரிவித்தனர். மக்கள் வீதிக்கு வரும்வரை அவ்வருத்தம் எங்கே உறங்கிக் கிடந்தது?

2008இல் குவென்ரின் பிளேக்கின் சித்திரங்களோடு அவருடைய முதற் சிறுவர் நூல் வெளிவந்தது. பெண்ணுடை அணிய விரும்பும் ஒரு சிறுவனின் கதை அது. பள்ளிக்கூடத்தின் மூடக் கட்டுப்பாட்டை எதிர்த்து அச்சிறுவனின் பக்கம் நிற்கும் அந்நூலை நாம் மனமுவந்து பாராட்டுகிறோம். முதியோரின் தனிமையைச் சொல்லும் 'கேங்ஸ்ரா கிரானி' (2011) என்ற கதையிலும் மனிதாபிமானம் உண்டு. ஆகவே, எல்லாம் நச்சு என்று கூறுவது நமது நோக்கமன்று. அந்த மனிதாபிமானம் எந்த எல்லையில் நின்றுவிடுகின்றது என்பதையே காட்ட விழைகிறோம்.

'மிஸ்ரர் ஸ்ரிங்க்' (2009) என்னும் நூலை எடுத்துக்கொள்வோம். வீடற்ற முதியவர் ஒருவர்மீது ஒரு சிறுமி அன்பு கொள்கிறாள். வீடற்றோரை வீதியிலிருந்து துரத்த விரும்பும் அவளுடைய தாயின் பகட்டு அரசியல் நன்றாகவே நையாண்டி செய்யப்படுகின்றது. ஆனால் இறுதியிலே வெளிப்படும் உண்மை யாது? அம்முதியவர் ஒரு பிரபு! மாளிகை தீப்பற்றி மனைவியை இழந்த துயரத்தால் வீதிக்கு வந்தவர். வாடகை செலுத்த இயலாமல் வீதிக்குத் தள்ளப்பட்ட ஒரு தொழிலாளியாக அவர் இருந்திருந்தால் நமது அன்புக்கு அருகதையற்றவராகியிருப்பாரா? வறுமை ஒரு சமுதாய அமைப்பின் விளைவு என்ற உண்மை, தனிமனித சோகம் என்னும் திரைக்குப் பின்னே மறைக்கப்படுகின்றது.

அடுத்து ராஜ். நூலுக்கு நூல் வந்துபோகும் இந்தியக் கடைக்காரர் இவர். நாட்பட்ட மிட்டாய்களை விற்பார். கணக்குக்கு ஒவ்வாத சலுகை விலை சொல்வார். நல்ல மனம் படைத்தவர். பிள்ளைகளுக்கு அவரைப் பிடிக்கும், எமக்கும் பிடிக்கும். ஆயினும் அவர் அந்தக் கடைக்குள்ளே ஏன் நிற்கிறார் என்பதே நமது வினா. 1972இல் இடி அமீன் உகண்டாவிலிருந்து ஆசியரை விரட்டியபோது ஏறத்தாழ 28,000 பேர் பிரித்தானியாவை அடைந்தனர். 1983இன் பின்னர் நம்மவரும் சென்றனர். பட்டம் பெற்றவர்களும் எண்ணெய் நிரப்பு நிலையங்களிலே இரவு முழுதும் விழித்திருந்தனர். ஈஸ்ற்ஹாமிலும் ரூட்டிங்கிலும் விடியுமுன்னே திறக்கும் கடைகளின் பின்னே ஏகாதிபத்தியத்தின் வரலாறும் அகதியின் கண்ணீரும் இருக்கின்றன. அந்தக் கடைக்காரரின் மகள் பள்ளிக்கூடத்திலே ராஜின் கதையைப் படிக்கிறாள். வகுப்பு முழுவதும் சிரிக்கிறது. அவளும் சேர்ந்து சிரிக்க வேண்டியவளாகிறாள். தன் தந்தையைத் தந்தையாகக் காட்டும் கதை அவளுக்கு எங்கே கிடைக்கும்?

கிடைப்பது அரிது. பிரித்தானியாவில் 2017இல் வெளியான 9,115 சிறுவர் நூல்களுள், கறுப்பின, ஆசிய, சிறுபான்மை இனப் பாத்திரங்களைக் கொண்டவை 391 மட்டுமே என ஆரம்பக்கல்வி எழுத்தறிவு நிலையமொன்றின் ஆய்வு காட்டியது. இங்கிலாந்தின் மாணவருள் ஏறத்தாழ மூன்றிலொருவர் அச்சமூகங்களைச் சேர்ந்தோர் என்பது கவனிக்கத்தக்கது. வோலியம்சின் 2016ஆம் ஆண்டுக் கதைத்தொகுதியில் சீனச் சிறுவன் ஒருவனைப் பற்றிய கதை இனக்கேலி எனக் கண்டிக்கப்பட்டதும், 2021இல் மறுபதிப்பிலிருந்து அதனை நீக்கப் பதிப்பகம் முடிவு செய்தது. ஐந்தாண்டு விற்பனைக்குப் பின்னர் பிறந்த ஞானம்!

"பிள்ளைகள் எதையேனும் படிக்கிறார்களே, அது போதாதா?" என்று கேட்போர் உளர். போதாது என்போம். தொலைக்காட்சியில் சம்பாதித்த புகழை நூற்சந்தையில் மீண்டும் பணமாக்கும் பதிப்பு முதலாளிகள், பெயரறியா எழுத்தாளனுக்கு உரிய இடத்தையும் அப்புகழுக்கே அளிக்கின்றனர். அதே நாட்டில் 2010க்கும் 2019க்கும் இடையில் ஏறத்தாழ 800 பொது நூல்நிலையங்கள் மூடப்பட்டன. நூல்நிலையக் கதவு அடைபட்டபின், ஏழைப் பிள்ளைக்குப் பேரங்காடித் தட்டிலே அடுக்கியிருப்பதே இலக்கியமாகின்றது. வாசிக்கும் பழக்கத்தின்மீது மெய்யான அக்கறை உடையோர் அக்கதவுகளுக்காகவன்றோ முதலிற் குரல் கொடுத்திருக்க வேண்டும்?

இந்நூல்களைத் தடைசெய்ய வேண்டுமென நாம் கோரவில்லை. தடை, சோம்பேறியின் விமர்சனம். ஆசிரிய நண்பர்களே, இவற்றை வகுப்பிலே விரித்து வையுங்கள். "இங்கே யார் சிரிக்கிறார்? யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்?" என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்கள் விடை சொல்வார்கள். நம்மிலும் கூர்மையாகச் சொல்வார்கள். மாணவ நண்பர்களே, கடைக்காரரின் மகள் காத்திருக்கிறாள். அரண்மனையை நோக்கிச் சிரிக்கும் கதைகளை அவளுக்காக எழுதுங்கள். குடிசையை எள்ளிய நகை போதும்.