கதவு திறந்திருக்குமா? மலையடிவார ஊரில் பார்க்க ஒரு கொரியத் தொடர்

மழை பிடித்துக்கொண்டால் திருவண்ணாமலைக்காரர்களுக்கு ஒரு கண் மலை மேலேயே இருக்கும். 2024 டிசம்பர் 1-ம் தேதிக்குப் பிறகு வந்த பழக்கம் இது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த மறுநாள், வ.உ.சி. நகரில் பாறையும் சேறும் மலைச்சரிவிலிருந்து உருண்டு வந்து வீட்டை மூடின. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் உள்ளே சிக்கிக்கொண்டார்கள்.

அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, சியோல் நகரம் இடிந்து விழுவதை மொபைலில் பார்ப்பது கொஞ்சம் வேறு மாதிரியான அனுபவம்தான்.

தொடரின் பெயர் 'டி-டே'. கொரியாவின் ஜேடிபிசி சேனலில் 2015 செப்டம்பர் 18 முதல் நவம்பர் 21 வரை வெள்ளி, சனி இரவுகளில் ஓடியது. மொத்தம் 20 எபிசோடுகள். சியோலில் பெரும் நிலநடுக்கம் வருகிறது. ஒரு பெரிய மருத்துவமனையும் அதன் டாக்டர்களும் என்ன ஆகிறார்கள் என்பதுதான் கதை. ஓடிய காலத்தில் ரேட்டிங்கில் பெரிதாகச் சாதிக்கவில்லை. 'பத்து வருஷப் பழசா?' என்று ஒதுக்கிவிட வேண்டாம். முதல் நான்கு எபிசோடுகளைப் பார்த்தவரை, இப்போது பார்க்கத்தான் அதிகக் காரணங்கள் இருக்கின்றன.

ஹீரோ லீ ஹே-சங் (கிம் யங்-க்வாங்) ஒரு சர்ஜன். நோயாளி வந்தால் மேலிடத்து அனுமதி, பெட் காலியா, பில் யார் கட்டுவது என்றெல்லாம் கேட்காமல் வேலையில் இறங்கிவிடுகிற ஆள். அதனாலேயே நிர்வாகத்துக்கு வேண்டாதவர். அதே மருத்துவமனையில் நினைவில்லாமல் படுத்திருக்கும் அவர் அம்மா, அவருடைய பலவீனம். எதிரே, மருத்துவமனையை லாப நஷ்டக் கணக்காகவே பார்க்கும் இயக்குநர் பார்க் கன். நடுவில் ஹான் வூ-ஜின் (ஹா சொக்-ஜின்) என்கிற இன்னொரு சர்ஜன், கணக்குப் பார்த்துக் கத்தி எடுப்பவர்.

ஹீரோயின் ஜங் டோல்-மி (ஜங் சோ-மின்) புசானிலிருந்து வரும் பயிற்சி டாக்டர், வட்டார வழக்கில் பேசுபவர். சப்டைட்டிலில் அந்த வழக்கு சுத்தமாகத் தொலைந்துபோகிறது. சென்னை ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா திருநெல்வேலித் தமிழில் விளாசுவதாகக் கற்பனை செய்துகொண்டால் பாதி சீன்களின் சுவை பிடிபடும்.

குறை இல்லாமல் இல்லை. ஹீரோ முறைக்கும்போதெல்லாம் பின்னணி இசை நம்மை உணர்ச்சிவசப்படச் சொல்லிக் கெஞ்சுகிறது. கெட்டவர் கெட்டவர் என்று இயக்குநரின் நெற்றியில் எழுதி ஒட்டாத குறை. நிலநடுக்க கிராஃபிக்ஸ் காட்சிகளும் இன்றைய கண்ணுக்குக் கொஞ்சம் பழையதாகத்தான் தெரிகின்றன.

ஆனால், கட்டடங்கள் விழுந்து முடித்த பிறகு தொடர் கேட்கிற கேள்வி பழசாகவில்லை. மின்சாரம் இல்லை, தண்ணீர் இல்லை, ரத்தம் இல்லை. வாசலில் அடிபட்டவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். கதவைத் திறந்தால் உள்ளே ஏற்கெனவே இருக்கும் நோயாளிகளுக்கான மருந்தும் ஆக்ஸிஜனும் கரையும். மூடினால் வாசலில் இருப்பவர்கள் சாவார்கள். எது சரி? மூடச் சொல்கிற ஆள் வில்லன் என்பதால் நமக்கு பதில் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. அதே ஐ.சி.யூ-வில் நம் அப்பா படுத்திருந்தால் அவ்வளவு சுலபமாக இருக்காது.

2025 ஜனவரியில் நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'தி ட்ராமா கோட்' பார்த்து கொரிய டாக்டர்களுக்கு ரசிகர்களானவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே தெரியும். அதில் ஹீரோவின் கை பட்டால் போதும், எமன் திரும்பிப் போய்விடுவான். 'டி-டே'யில் கை தயாராக இருக்கிறது, விளக்குதான் எரியவில்லை.

இது டி.வி கற்பனை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தேதிக் கணக்கு. தொடரின் கடைசி எபிசோடு 2015 நவம்பர் 21-ல் ஒளிபரப்பானது. பத்தே நாளில், டிசம்பர் முதல் தேதி இரவு, சென்னையை வெள்ளம் சூழ்ந்தது. ஒரு தனியார் மருத்துவமனைக்குள் தண்ணீர் புகுந்து மின்சாரம் போனது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நோயாளிகள் அடுத்தடுத்து இறந்த செய்தி அந்த வாரம் முழுக்க எல்லார் வீட்டிலும் பேச்சாக இருந்தது. ஜெனரேட்டர் கீழ்த்தளத்தில் இருக்கலாமா என்று பொதுமக்கள் விவாதிக்க ஆரம்பித்ததே அப்போதுதான்.

கொரியாவுக்கும் அது ரணமான காலம். 2014 ஏப்ரல் 16-ல் செவோல் கப்பல் மூழ்கி 304 பேர் இறந்திருந்தார்கள். பெரும்பாலும் பள்ளி மாணவர்கள். 2015 மே மாதம் மெர்ஸ் வந்து 186 பேரைத் தொற்றி 38 பேரைக் கொன்றது. அது அதிகம் பரவிய இடங்களில் ஒன்று, நெரிசலான மருத்துவமனை எமர்ஜென்சி வார்டு! தொடர் முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை, 2016 செப்டம்பரில் கியோங்ஜுவில் 5.8 அளவில் நிலநடுக்கம். 1978-ல் அங்கே கருவிகளைக்கொண்டு பதிவு செய்ய ஆரம்பித்ததிலிருந்து அதுதான் பெரியது. பிறகு 2024 பிப்ரவரியில் பயிற்சி டாக்டர்கள் ஆயிரக்கணக்கில் வேலையை விட்டு வெளியேற, நோயாளியை ஏற்றிய ஆம்புலன்ஸ்கள் இடம் தேடி மருத்துவமனை மருத்துவமனையாகச் சுற்றின. மூடிய கதவு பற்றிய பழைய தொடர் அந்த ஊர்க்காரர்களுக்கு இன்று எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள்.

தொடரில் நம்மூர் ஆட்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு சங்கதி, 'ட்ரையாஜ்'. பிரெஞ்சு வார்த்தை, தரம் பிரிப்பது என்று அர்த்தம். பேரிடரில் முதலில் வந்தவருக்கு முதலில் சிகிச்சை கிடையாது. உடனே பார்க்காவிட்டால் போய்விடுவார் என்பவருக்கு சிவப்பு, கொஞ்சம் தாங்குவார் என்றால் மஞ்சள், நடந்து வந்தவருக்குப் பச்சை, இனி ஒன்றும் செய்ய முடியாது என்பவருக்குக் கறுப்பு. தமிழக அரசு மருத்துவமனைகளின் விபத்து, அவசர சிகிச்சைப் பிரிவுகளில் சிவப்பு, மஞ்சள், பச்சைப் பகுதிகள் இருப்பதும் இதனால்தான். 'நாங்க முன்னாடியே வந்தோமே, அவங்களை ஏன் உள்ளே விட்டீங்க?' என்று நர்ஸிடம் சண்டை போடுவதற்கு முன்னால் நினைத்துக்கொள்ளலாம்.

இயக்குநர் பார்க் கன் போடுகிற பணக் கணக்குக்கும் இங்கே ஒரு பதில் முயற்சி உண்டு. 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். தொடங்கியபோது உச்சவரம்பு 1 லட்சம் ரூபாய். ஆனால் அது சாலை விபத்துக்கு. மலை சரிந்தால்?

இங்கேதான் 'டி-டே' ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. கதையை டாக்டர்களோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கிம் சாங்-ஹோ நடித்திருக்கும் சோய் இல்-சப் என்கிற மீட்புக்குழுத் தலைவருக்கும் சம இடம் கொடுத்திருக்கிறது. தொப்பையும் வியர்வையுமாக இடிபாட்டுக்குள் நுழைகிற மனிதர். முதல் எபிசோடுகளில் மனதில் தங்குகிற முகம், அழகான இரண்டு சர்ஜன்களுடையது அல்ல, இவருடையதுதான்.

இடிபாட்டில் மாட்டியவரைச் சட்டென்று இழுத்துவிடவும் கூடாது. மணிக்கணக்கில் நசுங்கிய தசையிலிருந்து பொட்டாசியம் போன்ற பொருள்கள் ரத்தத்தில் கலக்கும். பாரத்தைத் தூக்கிய சில நிமிடங்களில் இதயம் நின்றுபோகலாம். அதனால் முடிந்தால் உள்ளே இருக்கும்போதே நரம்பில் சலைன் ஏற்றிவிட்டுத்தான் வெளியே எடுப்பார்கள். இரண்டாம் உலகப்போரில் லண்டனில் குண்டுவீச்சில் சிக்கியவர்களைப் பார்த்து 1941-ல் டாக்டர்கள் எழுதிவைத்த பாடம் இது. ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தால் மட்டும் போதாது, டாக்டரும் மண்ணுக்குள் இறங்க வேண்டியிருக்கும்.

வ.உ.சி. நகரில் அப்படி இறங்குவதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. விடாத மழை, குறுகலான சந்து, மேலிருந்து இன்னும் பாறை உருளுமோ என்ற பயம். பெரிய இயந்திரங்கள் நெருங்க முடியாத இடத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் கையால் மண்ணை அள்ளினார்கள். டிசம்பர் 2-ம் தேதி ஐந்து உடல்கள் கிடைத்தன, மறுநாள் மீதி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஏழு பேருமே பிரேதப் பரிசோதனைக்குத்தான் போனார்கள். சிவப்பும் மஞ்சளும் பச்சையும் அந்த வீட்டுக்குத் தேவைப்படவில்லை. மெடிக்கல் டிராமாவில் இப்படி வந்தே சேராத நோயாளிக்கு சீன் இருப்பதில்லை. ஹீரோ வரும்வரை யாராவது மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

அதே மாதம் 13-ம் தேதி கார்த்திகை தீபம். மண் ஆய்வுக்குப் பிறகு, 2,668 அடி உயர மலை மேல் தீபக் கொப்பரையையும் நெய்யையும் கொண்டுபோனவர்களைத் தவிர பக்தர்கள் ஏற அனுமதி இல்லை. கீழே 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்கக் கூட்டம். வழியெங்கும் மருத்துவ முகாம், தயாராக நிற்கும் 108. பேரிடர் நடக்காத நாளில் இதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, சீரியலும் எடுப்பதில்லை.

ரத்தம் பார்த்தால் தலைசுற்றும் என்பவர்கள் சாப்பிட்டுக்கொண்டே பார்க்க வேண்டாம். வீட்டில் நர்ஸிங் படிக்கிற பெண்ணோ, பையனோ இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். எது நிஜம், எது சினிமா என்று போகப் போகச் சொல்லிக்கொண்டே வருவார்கள். ஆபரேஷன் காட்சிகளில் நிறைய சிரிப்பார்கள், அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள். மீதி 16 எபிசோடுகள் இருக்கின்றன. ஜெனரேட்டரில் டீசல் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதுதான் இப்போதைக்குப் பெரிய சஸ்பென்ஸ்.