ஐஸ் தண்ணியும் இதயமும் - பேர் வாங்குறது யாரு?

பின்லாந்துக்காரங்க உறைஞ்ச ஏரியில ஓட்டை போட்டு முங்கி எந்திரிக்கிறாங்க, அதான் இதயம் கல்லு மாதிரி இருக்குன்னு ஒரு பேச்சு ஓடிட்டு இருக்கு. கொஞ்சம் நில்லுங்க மக்களே!

அங்க 2,315 ஆண்களை சுமார் 20 வருஷம் கவனிச்சு 2015-ல ஒரு ஆய்வு வந்துச்சு. வாரம் 4 முதல் 7 தடவை போனவங்களுக்கு, ஒரே தடவை போனவங்களைவிட திடீர் இதய மரணம் 63 சதவீதம் கம்மி. ஆனா அவங்க போனது சௌனாவுக்கு. அதாவது சூட்டுக்கு! அதுவும் தொடர்பைத்தான் காட்டுது, காரணத்தை நிரூபிக்கலை. இந்தப் பேரை ஐஸ் தண்ணி வாங்கிக்கிட்டா எப்படி?

குளிர்ந்த தண்ணியில இறங்கினதும் தோல் பக்கத்து ரத்தக்குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், மூச்சு வாங்கும். சில நிமிஷம் வீதம் அஞ்சாறு தடவை இறங்கிப் பழகினா இந்த அதிர்ச்சி ஏறக்குறைய பாதியாகும். முகத்தோட முங்கினா இன்னொரு சிக்கல்: குளிர் 'வேகமா துடி'ன்னு சொல்லும், முங்கின முகம் 'மெதுவா துடி'ன்னு சொல்லும். ரெண்டு உத்தரவும் ஒண்ணா வந்தா துடிப்பு தாளம் தப்பலாம்.

என்னைக் கேட்டா, பழகுறதால உடம்பு குளிரைத் தாங்கக் கத்துக்குது. இதயம் பலமாச்சுன்னு சொல்ல, சௌனாவுக்கு இருக்கிற மாதிரி நீண்டகால ஆய்வு நான் பார்த்தவரை இல்லை. பிடிச்சிருந்தா, ஆரோக்கியமா இருந்தா, துணைக்கு ஆள் வெச்சுக்கிட்டு இறங்குங்க. பிரஷரோ அடைப்போ இருக்கிற அப்பாவுக்கு வீடியோவை ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி மட்டும் அவரோட டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

மாற்றுக்கருத்து இருந்தா பின்னூட்டத்துல கும்மலாம் :-)