அடியாத நாயும் படியும்

இரண்டு மாதக் குட்டி ஒன்று வீட்டுக்குள் வந்தால் போதும், அந்த வாரமே அக்கம்பக்கத்து அறிவுரையும் வந்துவிடும். ‘இப்பவே ரெண்டு போட்டு வைங்க, இல்லன்னா தலைமேல ஏறிக்கும்.’ ‘அடியாத மாடே படியாது, நாய் எப்படிங்க படியும்?’ சோபாவில் ஏறினால் செய்தித்தாளைச் சுருட்டி ஓர் அடி. தரையில் சிறுநீர் கழித்தால் மூக்கைப் பிடித்து அந்த ஈரத்திலேயே ஒரு தேய்ப்பு. ‘போய்ப் படு’ என்று சொல்லியும் போகாவிட்டால் கழுத்துப்பட்டையைப் பற்றி இழுத்துப்போய் மூலையில் அழுத்துவது. இதையெல்லாம் செய்பவர்கள் கொடியவர்கள் அல்ல. அதே குட்டிக்குக் கோழி வேகவைத்துக் கொடுப்பவர்கள், தடுப்பூசித் தேதியை நாள்காட்டியில் வட்டமிட்டு வைப்பவர்கள். அடித்தால்தான் நாய் படியும் என்று மனதார நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறு, அதற்கான விலையைக் கொடுப்பது குட்டி.

இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க, குட்டியை அதன் படுக்கைக்குப் போகப் பழக்குவதைவிடப் பொருத்தமான பாடம் கிடைக்காது. கடிக்காதே, ஏறாதே, குரைக்காதே என்பவை ஒன்றைச் செய்யாமலிருக்கும் பாடங்கள். அங்கே அடி கொஞ்ச நேரம் பலிப்பதுபோலத் தெரியும். படுக்கைக்குப் போவது அப்படியல்ல. குட்டி தானாக எழ வேண்டும், நடக்க வேண்டும், ஏறி உடம்பைத் தளர்த்திப் படுக்க வேண்டும், கூப்பிடும்வரை அங்கேயே இருக்க வேண்டும். நடுங்கும் உயிரை ஓரிடத்தில் அழுத்தி வைக்கலாம். அதை நிம்மதியாகப் படுக்க வைக்க எந்தப் பிரம்பாலும் முடியாது.

இழுத்துப்போய் அழுத்தப்பட்ட குட்டி கற்றுக்கொள்வது என்ன? அந்த மூலைக்குப் போனால் வலிக்கும், அந்தக் கை நீண்டால் வலிக்கும் என்பதைத்தான். அடுத்த முறை ‘போய்ப் படு’ என்ற குரல் கேட்டதும் அது கட்டிலுக்கு அடியில் போய் ஒளியும். ‘திமிரைப் பாரு’ என்று அதற்கும் ஓர் அடி விழும்.

‘தப்புப் பண்ணினது அதுக்கே தெரியும், மூஞ்சியைப் பாருங்க’ என்று சொல்லாத நாய் வீடு இல்லை. காதைப் பின்னுக்குச் சாய்த்து, கண்ணை வேறு பக்கம் திருப்பி, வாலை ஒடுக்கி நிற்கும் அந்த முகத்தை அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் சோதித்துப் பார்த்து 2009இல் முடிவை வெளியிட்டார். பதினான்கு நாய்கள். தின்பண்டத்தைத் தொடக் கூடாது என்று உரிமையாளர் சொல்லிவிட்டு அறையைவிட்டு வெளியே போவார். திரும்பி வரும்போது நாய் தின்றுவிட்டது என்றோ தின்னவில்லை என்றோ அவரிடம் சொல்லப்படும், சில சமயம் பொய்யாக. நாயின் ‘குற்ற முகம்’ அது தின்றதா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை. உரிமையாளர் திட்டினால் வந்தது. ஒன்றும் தின்னாமல் திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அது இன்னும் அழுத்தமாக இருந்தது. ஆக, நாம் குற்றவுணர்வு என்று படிப்பது அச்சத்தை. காலையில் கடித்த செருப்புக்கு மாலையில் அடி வாங்கும் குட்டிக்கு, அந்த அடிக்கும் செருப்புக்கும் என்ன தொடர்பென்று தெரிய வழியே இல்லை.

பிறகு ஏன் அடி ஓயவில்லை? அடித்த நொடியில் குட்டி உறைந்து நிற்கிறது, குரைப்பு நிற்கிறது. அடித்தவருக்கு அது உடனடிப் பலன். அந்தப் பலனே அவரை மறுபடி கையை ஓங்க வைக்கிறது. அங்கே பழகிக்கொண்டவர் மனிதர்.

இதற்கு விஞ்ஞான முலாம் பூசியது ‘தலைவன்’ கதை. நாய் ஓநாயின் வழி வந்தது, ஓநாய்க் கூட்டத்தில் வலுத்தது மற்றவற்றை அடக்கித் தலைவனாகும், எனவே வீட்டில் தலைவன் யாரென்று முதல் நாளே காட்ட வேண்டும் என்பார்கள். குட்டியை மல்லாக்கத் தள்ளி அழுத்திப் பிடிக்கும் வழக்கத்துக்கும் இதைத்தான் ஆதாரமாகச் சொல்வார்கள். இந்தக் கருத்தின் வேர், ருடால்ஃப் ஷென்கெல் 1947இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. அவர் பார்த்தது சுவிட்சர்லாந்தின் பாசெல் விலங்குக் காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களை. 1970இல் வந்த தம் நூலால் இந்தக் கருத்தைப் பரப்பிய டேவிட் மீச், பின்னர் கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகள் பின்தொடர்ந்தார். அங்கே இருந்தது குடும்பம்: தாய், தகப்பன், பிள்ளைகள். சண்டையிட்டுப் பதவி பிடிக்கும் தலைவனை அவர் காணவில்லை. 1999இல் அதை எழுதினார், பழைய நூலை அச்சிடுவதை நிறுத்தும்படி பதிப்பகத்தையும் கேட்டுக்கொண்டார். சொன்னவரே திரும்பப் பெற்றுக்கொண்ட ஒன்றை நம் ஊர்ப் பயிற்சியாளர்கள் இன்னும் காசு வாங்கிக்கொண்டு விற்கிறார்கள்.

அடக்குமுறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் பதிவு இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவர்கள், நடத்தைச் சிக்கலுக்காக நாயைக் கொண்டுவந்த 140 பேரிடம் கேட்டு 2009இல் வெளியிட்ட ஆய்வு அது. அடித்ததாகவோ உதைத்ததாகவோ சொன்னவர்களில் 43 சதவீதத்தினரின் நாய்கள் பதிலுக்குச் சீறின அல்லது கடிக்க வந்தன. மல்லாக்க அழுத்தியவர்களில் அது 31 சதவீதம். அவை ஏற்கெனவே சிக்கலுள்ள நாய்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அடியை மருந்தாகப் பரிந்துரைப்பவர்கள் அப்படிப்பட்ட நாய்களுக்குத்தானே முதலில் பரிந்துரைக்கிறார்கள்? 2020இல் போர்ச்சுகலில் 92 நாய்களை ஆராய்ந்தபோது, தண்டித்துப் பழக்கும் பள்ளிகளின் நாய்களுக்குப் பயிற்சி முடிந்ததும் உமிழ்நீரில் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் கூடியிருந்தது. உணவு இருக்குமா இருக்காதா என்று சொல்ல முடியாத இடத்தில் கிண்ணம் வைத்தால், அவை அதை நோக்கித் தயங்கித் தயங்கிப் போயின. வகுப்பு முடிந்த பிறகும் நல்லதை எதிர்பார்க்கும் துணிவு அவற்றுக்குக் குறைந்திருந்தது.

அடிக்காமல் எப்படி? முதலில் இடம். பால்கனி வெயிலிலோ வாஷிங் மெஷின் பக்கத்திலோ போட்ட படுக்கையில் எந்தக் குட்டியும் தங்காது. கூடத்தில், யாரும் மிதித்துவிடாத, ஆனால் எல்லோரும் கண்ணில் படும் ஓரமாக வேண்டும். சித்திரையில் பஞ்சு மெத்தையைப் போட்டுவிட்டு ‘தரையிலதான் படுக்குது’ என்று குறைப்படுவதில் நியாயமில்லை. மடித்த சாக்கோ பழைய பருத்திப் போர்வையோ போதும். உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழி அல்லது முட்டையைப் பொட்டுக்கடலை அளவுக்குக் கிள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் நாய்க்கு நஞ்சு, பக்கத்திலேயே வரக் கூடாது. சாப்பாட்டுக்குச் சற்று முன், பசி லேசாகத் தலைகாட்டும்போது, இரண்டு மூன்று நிமிடம் போதும்.

ஒரு துண்டைச் சாக்கின்மேல் போட வேண்டும். குட்டி கால் வைத்த அந்த நொடியே ‘சபாஷ்’ என்று சொல்லி இன்னொன்றை அங்கேயே, சாக்கின்மேலேயே கொடுக்க வேண்டும். சொல் தாமதித்தால் பாடம் மாறிவிடும். குட்டி இறங்கி வரும்போது சபாஷ் விழுந்தால் இறங்குவதைத்தான் அது கற்கும். சில முறைக்குப் பின் போடுவதை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றால், குட்டி யோசிக்கும், சாக்கைப் பார்க்கும், ஒரு காலை வைக்கும். அந்த ஒரு கால்தான் முழுப் பயிற்சியின் திருப்பம், அதற்குத் தாராளமாகவே கொடுக்கலாம். பிறகு நான்கு காலுக்கும், பிறகு உட்கார்ந்தால், பிறகு படுத்தால். ‘போய்ப் படு’ என்ற ஆணை கடைசியில்தான் வர வேண்டும், குட்டி போகப்போகிறது என்று உறுதியாகத் தெரியும் கட்டத்தில். பாட்டி ஒரு சொல்லும் பேரன் இன்னொரு சொல்லும் சொன்னால் குழப்பமே மிஞ்சும். படுத்திருக்கும் நேரத்தை நொடி நொடியாகக் கூட்டி, அதன்பின் ஓரடி விலகி, அதன்பின் காலிங் பெல்லை அடித்துப் பழக்க வேண்டும். எழுந்துவிட்டால் திட்ட வேண்டாம், கடினம் கூடிவிட்டது என்று பொருள், ஒரு படி இறங்கினால் சரியாகிவிடும். தண்டனைக்காக மட்டும் அந்தச் சாக்குக்கு அனுப்பவே கூடாது.

‘அப்போ தீனி இல்லன்னா கேக்காதே?’ என்பார்கள். பழகிய பிறகு ஒவ்வொரு முறையும் கொடுக்காமல் எப்போதாவது கொடுத்தால் பழக்கம் இன்னும் உறுதிப்படும் என்பதை உளவியலாளர்கள் ஸ்கின்னரும் ஃபெர்ஸ்டரும் 1957இலேயே விரிவாகக் காட்டினார்கள். ‘செல்லம் கொடுத்தா கெட்டுப்போகும்’ என்பதற்கும் பதில் உண்டு. ஹவாயின் சீ லைஃப் பூங்காவில் 1963 முதல் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையரால் அவற்றை அடிக்கவே முடியாது. பிடிக்காவிட்டால் நீந்திப் போய்விடும். விசிலையும் மீனையும் வைத்தே பழக்கினார், அந்த முறையைத்தான் பின்னர் நாய்களுக்கும் கொண்டுவந்தார். கட்டுப்பாடும் அங்கே இருந்தது: சரியாகச் செய்யாவிட்டால் மீன் இல்லை. மேலே தாவும் குட்டிக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வதும் அப்படியொரு கட்டுப்பாடுதான்.

தாத்தா காலத்து நாய்கள் அடிபட்டும் நன்றாகத்தானே இருந்தன என்று கேட்பவர்கள், கடித்த நாய்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவந்த கதைகளையும் சேர்த்தே நினைக்க வேண்டும். அந்த நாய்கள் திண்ணையிலும் தோப்பிலும் கிடந்தன. லிஃப்ட் திறக்கும்போதெல்லாம் ஆள் வரும் அடுக்குமாடி வீட்டில் அமைதியாகப் படுத்திரு என்று அவற்றை யாரும் கேட்கவில்லை.

குட்டியைப் பயிற்சியாளரிடம் ஒப்படைக்க நினைப்பவர்கள் கட்டணத்தைப் பேசுவதற்கு முன் ஒன்றைக் கேட்கட்டும்: ‘இவன் தப்பாச் செஞ்சா நீங்க என்ன செய்வீங்க?’ கழுத்தை இறுக்கும் சங்கிலியையோ பிரம்பையோ காட்டினால், பயிற்சியைப் பக்கத்தில் நின்று பார்க்க விடமாட்டேன் என்றால், குட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பட்டும். வேகவைத்த கோழியும் ஒரு சாக்கும் வீட்டிலேயே இருக்கின்றன.