நொய்டா: செல்போன் நகரம் வேரூன்றுமா?

புது தில்லி: தலைநகரை ஒட்டி, உத்தரப் பிரதேச எல்லைக்குள் அமைந்துள்ள நொய்டா - கிரேட்டர் நொய்டா பகுதி, நாட்டின் முக்கிய செல்போன் உற்பத்தி மையமாக வளர்ந்துள்ளது. இந்த வளர்ச்சி நிலைக்குமா என்பது, உதிரிபாக உற்பத்தியில் மத்திய அரசின் கொள்கை பெறும் வெற்றியைப் பொறுத்தே அமையும்.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல் உருவாக்கப்பட்ட தொழில் நகரம் நொய்டா. தென் கொரியாவின் சாம்சங் நிறுவனம் 2007-ல் இங்கு செல்போன் தயாரிப்பைத் தொடங்கியது. விரிவாக்கப்பட்ட அதன் ஆலையை 2018 ஜூலையில் பிரதமர் நரேந்திர மோடியும் அப்போதைய தென் கொரிய அதிபர் மூன் ஜே-இன்னும் திறந்துவைத்தனர். ஆண்டு உற்பத்தித் திறனை 6.8 கோடியிலிருந்து 12 கோடியாக உயர்த்துவது அதன் இலக்கு. ஓப்போ, விவோ, லாவா, டிக்சன் ஆகியவையும் இப்பகுதியில் கால் பதித்துள்ளன.

வரிச் சுவரும் ஊக்கத்தொகையும்

தில்லிச் சந்தையின் அருகாமை மட்டுமே இதற்குக் காரணமல்ல. இறக்குமதி செல்போன்கள் மீதான சுங்க வரி 2017 டிசம்பரில் 15 சதவீதமாகவும், 2018 பிப்ரவரியில் 20 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. உற்பத்தியுடன் இணைந்த ஊக்கத்தொகைத் திட்டம் 2020-ல் சுமார் ரூ.41,000 கோடியில் அறிவிக்கப்பட்டது. 2024 ஜூலையில் வரி மீண்டும் 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

ஆயினும் சிப், திரை போன்ற விலை உயர்ந்த பாகங்களுக்கு, குறிப்பாகச் சீனாவிலிருந்து வரும் பாகங்களுக்கு, இறக்குமதியையே நம்ப வேண்டியுள்ளது. அண்டை நாட்டு முதலீடுகளுக்கு மத்திய அரசின் முன் அனுமதி 2020 ஏப்ரலில் கட்டாயமாக்கப்பட்டதால், சீன உதிரிபாக நிறுவனங்கள் இங்கு ஆலை அமைப்பதும் கடினமானது. பாதுகாப்பையும் தொழில் வளர்ச்சியையும் ஒருசேரக் காக்க வேண்டிய நெருக்கடியில் மத்திய அரசு சிக்கியது.

உதிரிபாக உற்பத்திக்கென ரூ.22,919 கோடி திட்டத்துக்கு 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நொய்டாவை அடுத்த ஜேவர் அருகே எச்சிஎல் - ஃபாக்ஸ்கான் கூட்டு முயற்சியில் அமையவுள்ள சிப் ஆலைக்கு அதே ஆண்டு மே மாதம் அனுமதி கிடைத்தது.

ஸ்ரீபெரும்புதூர் தரும் பாடம்

ஒற்றை நிறுவனத்தை நம்பும் மையம் எவ்வளவு விரைவில் சரியும் என்பதைத் தமிழகம் அறியும். 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை, வரி வழக்கில் சிக்கி, மைக்ரோசாப்டுக்குக் கைமாறிய சொத்துகளில் இடம்பெறாமல், 2014 நவம்பரில் மூடப்பட்டது. இளம்பெண்கள் உள்பட ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். பின்னர் அந்த வட்டாரம் ஆப்பிள் செல்போன் உற்பத்தியால் மீண்டாலும், வேலை இழந்தவர்களுக்கு அந்த இடைவெளி ஈடு செய்ய முடியாத இழப்பாயிற்று.

நிலச் சலுகையையும் மானியத்தையும் போட்டி போட்டு வழங்கும் மாநிலங்கள் இதை மறக்கலாகாது. சலுகை முடிந்ததும் நிறுவனம் இடம் மாறலாம். தொழிலாளியால் அது எளிதில் இயலாது. உதிரிபாகத் தொழில் உள்ளூரில் காலூன்றினால்தான் நொய்டாவின் வளர்ச்சி நிலைபெறும்.