செய்தவர் எங்கே?

ஆங்கிலத் தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் நம் மாணவ மாணவியர் தவறாது நெட்டுருப் போடும் பகுதி ஒன்றுண்டு. 'ஆக்டிவ் வாய்ஸ்' எனும் செய்வினையை 'பாஸிவ் வாய்ஸ்' எனும் செயப்பாட்டு வினையாக மாற்றுவதே அது. விதி எளிது. செயப்படுபொருளை எழுவாயின் இடத்தில் அமர்த்துக. காலத்திற்கும் எண்ணுக்கும் ஏற்ப 'இஸ்', 'வாஸ்', 'வேர்' போன்ற துணைவினையை இட்டு, வினையின் மூன்றாம் வடிவத்தைச் சேர்க்க. செய்தவரை 'பை' என்னும் சொல்லுக்குப் பின் எழுதுக. 'தி பாய் ப்ரோக் தி பாட்' என்பது 'தி பாட் வாஸ் ப்ரோக்கன் பை தி பாய்' என்றாகும். தமிழில் 'படு' என்னும் துணைவினையும் 'ஆல்' உருபும் இவ்வேலையைச் செய்கின்றன.

இனி ஒன்றைக் கவனிப்போம். 'பை தி பாய்' என்பதை நீக்கினாலும் வாக்கியம் பிழையின்றி நிற்கும். பானை உடைக்கப்பட்டது, உடைத்த சிறுவனைக் காணோம்! செய்தவர் இன்னார் எனத் தெரியாதபோதும், சொல்லத் தேவையில்லாதபோதும் இது நல்ல வசதியே. சொல்லியே ஆக வேண்டிய இடத்தில் இதுவே மறைவிடமாகிவிடும்.

நம் தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்திலுள்ள வாச்சாத்தியை எண்ணிப் பார்ப்போம். 1992 ஜூன் 20 அன்று அம்மலைவாழ் மக்களின் சிற்றூரில் வீடுகள் சூறையாடப்பட்டன, மக்கள் தாக்கப்பட்டனர், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டனர். மூன்றும் உண்மை; மூன்றிலும் இலக்கணப் பிழை இல்லை. ஆயினும், யாரால்? அவ்வொரு சொல்லுக்காக அம்மக்கள் 19 ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகச் சொல்லி ஊருக்குள் புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் 269 பேரும் குற்றவாளிகளே என 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் 54 பேர் இறந்துவிட்டமையால் 215 பேர் தண்டனை பெற்றனர். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. விடுபட்டிருந்த 'பை' அன்று நிறைவு பெற்றது எனலாம்.

ஆகவே மாணவச் செல்வங்களே, 'பை' என்பதை நீக்குமுன் உங்களையே கேளுங்கள்: செய்தவரை நாம் அறியோமா? அவர் பெயர் இங்கு வேண்டாததா? அன்றி, மறைக்கிறோமா?

இம்மாதப் பயிற்சி: இன்றைய நாளிதழில் 'பட்டது', 'பட்டனர்' என முடியும் பத்து வாக்கியங்களைத் தேர்ந்தெடுத்துச் செய்வினையாக மாற்றுக. எழுவாய் கிடைக்காத வாக்கியங்களின் கீழ்க் கோடிடுக.